வெற்றிலைச் சுண்ணாம்பும் மெக்சிகோ ரொட்டியும்

அயல்நாட்டுச் சமையல் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்தும் பயறும் நிற்கும் மாசி மாதத்தில் அடுக்களையில் புதிதாக எதையாவது செய்து பார்க்க நேரம் கிடைத்துவிடுகிறது போலும். கடிதங்கள் வழக்கத்தை விட அதிகம். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மக்காச்சோள மாவு வாங்கி மெக்சிகோ நாட்டு ரொட்டியான டார்ட்டியா செய்தேன். வெந்நீர் விட்டுப் பிசைந்தும் ஓரமெல்லாம் பிளந்துபோகிறது. கல்லில் போடும்போது துண்டு துண்டாக உடைகிறது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்துகொள் என்கிறார் என் மாமியார். கலக்கலாமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: கலந்தால் உடையாது. ஆனால் நீங்கள் சாப்பிடுவது சோள வாசனையுள்ள சப்பாத்தியாக இருக்கும். குறை உங்கள் கையில் இல்லை, மாவில் இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் மக்காச்சோள மாவு உலர்ந்த மணியை அப்படியே அரைத்தது. கோதுமையில் இருக்கும் பசைப்புரதம் அதில் கிடையாது என்பதால், எவ்வளவு பிசைந்தாலும் ஈர மணலைப் பிடித்து வைத்ததுபோலத்தான் நிற்கும். மெக்சிகோவில் முழுச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். அப்படிப் பக்குவப்பட்ட சோளத்துக்கு நிஸ்தமால் என்றும், அரைத்த மாவுக்கு மாசா என்றும் பெயர். அங்கே டார்ட்டியாவுக்கென்று பொட்டலத்தில் விற்கும் மாவும் இந்தப் பக்குவம் முடிந்த பிறகு உலர்த்திப் பொடித்ததே.

வெற்றிலைக்குப் பேர்போன ஊரில் இருக்கும் நீங்கள் சுண்ணாம்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. தாம்பூலத்துக்கு நாம் தடவுவதும் அவர்கள் சோளத்தில் இடுவதும் ஒன்றே, நீற்றிய சுண்ணாம்பு. சுவருக்கு வெள்ளையடிக்க விற்பதையும், நீற்றாத கல்லையும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அரைக் கிலோ உலர்ந்த மக்காச்சோளத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும், தூளானால் 5 கிராம் சுண்ணாம்பும் போதும்; வெற்றிலைச் சுண்ணாம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் அதில் குவித்த ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பாத்திரம் வேண்டும், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, சோளத்தைப் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 30 முதல் 45 நிமிடம் வேகவிடுங்கள். தண்ணீர் மஞ்சளாக மாறும். ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் கழன்று வர வேண்டும். கடித்துப் பார்த்தால் வெளிப்புறம் மெத்தென்றும் நடுவில் வெள்ளையாக வேகாமலும் இருக்க வேண்டும். அந்த நிலையில் அடுப்பை அணைத்து மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம்.

காலையில் மூன்று நான்கு தண்ணீர் விட்டு, தோல் போகும்படி கசக்கிக் கழுவுங்கள். மெக்சிகோவில் இதை அரைக்கப் பரம்பரையாகக் கருங்கல் அம்மி ஒன்று உண்டு. இன்று பலர் அரவை ஆலைக்குக் கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு வீட்டிலேயே கிரைண்டர் இருக்கிறது. ஒரே தடவையாகப் போட்டால் கல் சுற்றாது. இரண்டு கைப்பிடியாகப் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வடை மாவைவிடக் கெட்டியாகவும் பூரி மாவைவிட இளக்கமாகவும் எடுங்கள். எலுமிச்சம்பழ அளவு உருட்டி, இரண்டு வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, போளிக்குத் தட்டுவதுபோலத் தட்டிக்கொள்ளலாம். எண்ணெய் தடவாத, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் முதல் பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம், மீண்டும் முதல் பக்கம். இரண்டாவது முறை திருப்பியதும் லேசாக உப்பினால் பக்குவம் சரி. சுட்டதைத் துணியில் சுற்றி அடுக்கி வைத்தால்தான் மடியும்.

சுண்ணாம்பு இரண்டு வேலை செய்கிறது. தோலையும் மணியையும் பிணைத்திருக்கும் பொருளைக் கரைத்துப் பிசினாக்குவதால் மாவு ஒட்டிக்கொள்கிறது. சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் பி வகை வைட்டமினையும் விடுவிக்கிறது. சோளத்தை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுபோன ஐரோப்பியர்கள் சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள். சோளமே உணவாக இருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் நோய் வந்தது. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-இல் அதைக் குறித்து வைத்தார். பின்னாளில் பெலாக்ரா என்ற பெயர் வழங்கியது. நயாசின் குறைவுதான் காரணம் என்பது 1937-இல் கான்ராட் எல்வெஜெம் செய்த ஆய்வுக்குப் பிறகே உறுதியானது.

இரண்டு எச்சரிக்கைகள். விதைக்கென்று மருந்து கலந்து சாயமிட்ட சோளத்தை வாங்கிவிடாதீர்கள். சமையலுக்கு என்று கேட்டு வாங்குங்கள். அடுத்தது என் சொந்த அனுபவம். முதல் முறை நான் பெட்டிக்கடையில் வாங்கிய டப்பா வாசனைச் சுண்ணாம்பு என்பதைக் கவனிக்கவில்லை. ரொட்டி கல்லில் விழுந்ததும் அடுக்களை முழுவதும் கல்யாணத் தாம்பூலத் தட்டு மணந்தது. அன்று அதை நான் ஒருத்தியாகவே சாப்பிட்டு முடித்தேன்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் எழுதி அனுப்பிய கேக் குறிப்பில் மைதா 2 கப், வெண்ணெய் ஒரு ஸ்டிக், சூடு 350 என்று இருந்தது. எங்கள் கேக் சுடும் மின்னடுப்பான ‘அவனில்’ 250-க்கு மேல் எண்ணே இல்லை. இருப்பதில் அதிகமாக வைத்தேன். மேலே கரி, உள்ளே களி.
(வாசகி, மன்னார்குடி)

பதில்: உங்கள் நாத்தனார் எழுதியது பாரன்ஹீட் கணக்கு. 350 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 177 செல்சியஸ். உங்கள் அவனில் 175-க்கும் 180-க்கும் நடுவே முள்ளை நிறுத்தியிருக்க வேண்டும். அமெரிக்கக் குறிப்பில் 325 என்று கண்டால் 163, 400 என்று கண்டால் 204 என எழுதி அவனின் கதவிலேயே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக் என்பது அங்கே வெண்ணெய் விற்கும் நீளத் துண்டு, 113 கிராம். கப் விஷயம்தான் வில்லங்கம். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. அரிசி அளக்க ஜப்பானியர் வைத்திருக்கும் அளவு 180 மட்டுமே. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. நம் வீட்டு ஆழாக்கும் ஊருக்கு ஊர் மாறக்கூடியது என்பதால் எதையும் கண்ணால் நம்ப வேண்டாம்; அதில் தலைதட்டத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி.

அதைவிட, மாவை எடைபோட்டே எடுத்துக்கொள்ளும்படி சொல்வேன். ஒரு கப் மைதாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் 120 முதல் 125 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் அழுத்தி எடுத்தால் 150 வரை போகும். இரண்டு கப்பில் அரைக் கப் மாவு கூடிவிட்டால் கேக் செங்கல்லாகாமல் என்ன செய்யும்? சாம்பாரில் பருப்பு ஒரு கை கூடினால் தண்ணீர் விட்டுச் சரிசெய்யலாம். அவனுக்குள் போன பிறகு திருத்த வழியில்லை.

கேள்வி: தேங்காய்க்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையது. தாய்லாந்துப் பச்சைக் குழம்பு செய்தபோது தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் மிதந்தது. முதல் பாலைக் கொதிக்க விடக் கூடாது என்ற நம் விதியை நான் மறந்ததுதான் காரணமா?
(வாசகி, பேராவூரணி)

பதில்: அந்த விதி சொதிக்கும் ஆப்பத்துக்கு ஊற்றும் பாலுக்கும் உரியது. தாய்லாந்தில் முதல் பாலை வேண்டுமென்றேதான் திரிய விடுகிறார்கள். கெட்டியான முதல் பால் 200 மில்லியை வாணலியில் ஊற்றி, அது கொதித்துச் சுண்டி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து பளபளக்கும் வரை விட்டு, அந்த எண்ணெயில்தான் அரைத்த மசாலாவை வதக்குவார்கள். நாம் நல்லெண்ணெயில் செய்வதை அவர்கள் தேங்காயின் சொந்த எண்ணெயில் செய்கிறார்கள்; வேறு எண்ணெய் சேர்ப்பதானால் ஒரு கரண்டிதான். மசாலாவின் பச்சை வாசனை போன பின் கோழியோ கத்தரிக்காயோ சேர்த்துப் பிரட்டி, பிறகு இரண்டாம் பாலை ஊற்றி வேகவிட வேண்டும். ஆகவே உங்கள் குழம்பு கெட்டுப்போகவில்லை. நீங்கள் எல்லாப் பாலையும் ஒன்றாக ஊற்றிய பின் திரிந்திருந்தால் மட்டுமே முறை மாறியது. டப்பாவில் அடைத்த பாலில் திரியாமல் இருக்க ஏதாவது சேர்த்திருப்பதுண்டு. அதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் எண்ணெய் எளிதில் பிரியாது. இந்த ஒரு காரியத்தில் தோப்பிலிருந்து வந்த காய் உங்களுக்குப் பெரிய வசதி.

மசாலாப் பொருள்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் ‘கா’ என்று சொல்லும் கிழங்கு நம் பேரரத்தை. நாட்டு மருந்துக்கடையில் அரத்தை என்று கேட்டால் பெரும்பாலும் சித்தரத்தையைத் தருவார்கள். அது காரம் கூடியது, காய்ந்தது, மருந்து வாசனை உடையது. பச்சைப் பேரரத்தை கிடைக்காவிட்டால் இஞ்சியைக் குறைவாக வைத்துக்கொள்வது மேல். ‘மக்ரூட்’ என்னும் அவர்களுடைய எலுமிச்சை இலைக்கு ஈடாக நாரத்தை அல்லது எலுமிச்சையின் கொழுந்தைக் கூச்சமின்றிப் பயன்படுத்தலாம். வேப்பிலைக்கட்டி இடிப்பதற்கு நம் பாட்டிமார் செய்வதுபோலவே நடுநரம்பை உருவி எறிந்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் கசக்கும். தாய்லாந்துத் துளசிக்கு மாற்றாகக் கோயில் துளசி வேண்டாம். தொட்டியில் வளரும் திருநீற்றுப்பச்சிலைதான் அதற்கு நெருங்கிய சொந்தம். அடுப்பை அணைத்த பிறகு கிள்ளிப் போடுங்கள்.

கேள்வி: குறிப்புகளில் வரும் ‘பட்டர்மில்க்’, ‘கார்ன் ஃப்ளார்’, ‘பே லீஃப்’ ஆகியவை நம் மோர், சோள மாவு, பிரிஞ்சி இலை தானே?
(வாசகர், திருவாரூர்)

பதில்: மூன்றுமே பெயரால் ஏமாற்றுபவை. அமெரிக்கர்களின் பட்டர்மில்க், பாலை உறையிட்டுத் தயாரிக்கும் கெட்டியான, புளித்த மோர். நம் நீர்மோரை ஊற்றினால் மாவு ஓடிவிடும். முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் பால் கலந்துகொள்ளுங்கள். அந்தப் புளிப்போடு சேர்ந்துதான் சமையல் சோடா பொங்குகிறது என்பதால் புளிக்காத தயிரும் உதவாது.

கார்ன் ஃப்ளார் என்று நம் கடைகளில் விற்பது சோளத்தின் வெள்ளை மாச்சத்து மட்டும். அமெரிக்கக் குறிப்பில் அதற்கு ‘கார்ன் ஸ்டார்ச்’ என்று பெயர். அவர்கள் கார்ன் ஃப்ளார் என்றால் முழு மக்காச்சோளத்தின் மஞ்சள் மாவு. எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசனை அடிக்கும். ஐரோப்பிய இலையில் ஒரே நடுநரம்பு, வேறு மரம். ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. கிடைக்காவிட்டால் போடாமலே விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது.

கேள்வி: இத்தாலியரின் குழைந்த சோறான ரிசோட்டோவைப் புழுங்கல் அரிசியில் செய்தேன். கிளறிக் கிளறிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், குழைவு வரவேயில்லை. ஆர்போரியோ அரிசி வாங்கினால்தான் முடியுமா? விலை கட்டுப்படியாகவில்லை.
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: நெல்லை அவிக்கும்போதே உள்ளிருக்கும் மாவு வெந்து இறுகிவிடுவதால் புழுங்கல் அரிசி தன் மாச்சத்தை வெளியே விடாது. சோறு பருக்கை பருக்கையாக நிற்பதும், மறுநாள் பழையதாகும்போது கரையாமல் இருப்பதும் அதனால்தான். ரிசோட்டோவுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான குணம்: மேற்புறம் கரைந்து குழம்பாக வேண்டும், நடு மட்டும் பல்லில் பட வேண்டும்.

ஆர்போரியோ என்பது வட இத்தாலியில் பியட்மாண்ட் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயர். அங்கே போ நதிச் சமவெளியில் நம்மைப் போலவே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி நெல் விளைவிக்கிறார்கள். தஞ்சைக்குப் புதாறு என்னும் கல்லணைக் கால்வாய் போல அவர்களுக்கு 1866-இல் கட்டி முடித்த கவூர் கால்வாய் உண்டு. அந்த அரிசிக்கு ஈடாக நீங்கள் எடுக்க வேண்டியது தை, மாசியில் வரும் புதுப் பச்சரிசி. புது அரிசி சோற்றுக்குக் குழைந்துவிடுகிறது என்று நாம் ஆறு மாதம் மூட்டை கட்டி வைக்கிறோம். ரிசோட்டோவுக்கு அந்தக் குழைவே தேவை. பருமனான ரகமாகப் பாருங்கள். அரிசியைக் களையக் கூடாது என்பது முக்கியம். கழுவினால் மேல்மாவு போய்விடும். கல், தூசி பார்த்துப் புடைத்தால் போதும்.

300 கிராம் அரிசிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் காய்கறி வேகவைத்த சாறு, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, அரிசியைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் சூடேற வறுத்து, ஒயினுக்குப் பதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, சாற்றை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள். ஆர்போரியோவுக்கு 18 நிமிடம் பிடிக்கும். நம் பச்சரிசியை 12 நிமிடத்திலிருந்தே கடித்துப் பார்க்கத் தொடங்குங்கள். இறக்கிய பிறகு வெண்ணெயும் துருவிய சீஸும் சேர்த்து வேகமாக அடித்துக் கலக்க வேண்டும். தட்டைச் சாய்த்தால் மெல்ல அலைபோல் நகர வேண்டும். வெண்பொங்கல் மாதிரி நின்றால் இன்னும் ஒரு கரண்டி சாறு. நடுப்பருக்கையின் அந்தக் கடி நம் அரிசியில் முழுதாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழைவு வரும்.

கேள்வி: வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். ஊருக்கு வந்த பிறகும் நாசி லெமாக் பற்றியே பேசுவார். உம்மா செய்த தேங்காய்ப்பால் சோற்றை ‘இது அது இல்லை’ என்று தள்ளிவிடுவார். எப்படித்தான் செய்வது அம்மா?
(வாசகி, நாகூர்)

பதில்: நாகூருக்கும் பினாங்குக்கும் இருக்கும் தொடர்பு இன்று நேற்றையது அல்ல, நாகூர் ஆண்டகையின் பெயரில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தர்காக்கள் இருக்கின்றன. உங்கள் உம்மாவின் சோறு அங்கே போனால் நெய்ச்சோற்றுக்குத் தம்பி என்று சொல்வார்கள். அதில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்திருப்பார். நாசி லெமாக் சோற்றில் அந்த வாசனை எதுவும் முன்னால் வரக் கூடாது. தேங்காய்ப்பால், ஒரு துண்டு இஞ்சி, உப்பு, முடிச்சுப் போட்ட ரம்பை இலை, அவ்வளவுதான். நாசி என்றால் சோறு, லெமாக் என்றால் கொழுப்பின் செழுமை.

ரம்பை தாழையின் இனத்தைச் சேர்ந்த செடி. ஆனால் ஆற்றங்கரைத் தாழையின் முள் இலையைப் போட்டுவிடாதீர்கள். இலங்கைச் சமையலிலும் ரம்பை உண்டு என்பதால் நாற்றுப் பண்ணையில் அந்தப் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். தொட்டியில் வைத்து நிழலில் தண்ணீர் விட்டால் வளரும். 400 கிராம் பச்சரிசியைக் களைந்து, 250 மில்லி கெட்டிப்பாலும் 350 மில்லி தண்ணீரும் விட்டு வேகவையுங்கள். பழைய அரிசியானால் தண்ணீர் 100 மில்லி கூடும். வெந்ததும் கிளறி, மூடி, பத்து நிமிடம் புழுங்க விடுங்கள்.

வாப்பா ‘அது இல்லை’ என்று சொன்னது சோற்றைவிட அதற்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய் விழுதான சம்பலைப் பற்றியதாகவே இருக்கும் என்பது என் ஊகம். பதினைந்து காய்ந்த மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து, 150 கிராம் சின்ன வெங்காயம், நான்கு பூண்டுப் பல்லுடன் நைய அரைத்துக்கொள்ளுங்கள். ஆறு மேசைக்கரண்டி எண்ணெயில் இந்த விழுதைச் சிறு தீயில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வதக்க வேண்டும். செக்கச் சிவந்த விழுது மெல்ல இருண்டு, எண்ணெய் தனியே பிரிந்து ஓரத்தில் நிற்கும். அந்தக் கட்டத்துக்கு மலாய்க்காரர்கள் ‘எண்ணெய் உடைந்தது’ என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் இறக்கினால் பச்சை மிளகாய்விழுதின் காரம் தொண்டையில் நிற்கும். பிறகு புளிக்கரைசல், வெல்லம், உப்பு, வளையமாக அரிந்த பெரிய வெங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம்.

அவர்கள் போடும் ‘பெலாச்சான்’ சின்ன இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த கட்டி. அது கிடைக்காவிட்டால், நாகப்பட்டினம் கருவாட்டுக் கடையில் சென்னாக்குன்னி வாங்கி, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி சேர்த்து அரையுங்கள். புளிக்கவைத்த ஆழம் இல்லாவிட்டாலும் கடலின் வாசனை வந்துவிடும். வறுத்த நெத்திலிக் கருவாடு, வறுத்த வேர்க்கடலை, வெள்ளரிக்காய், அவித்த முட்டை ஆகியவற்றோடு வாழையிலையில் பொதிந்து, அரை மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். சூட்டில் இலை வாடி இறங்கும் மணமும் அந்தச் சோற்றில் ஒரு பாகம்.

கேள்வி: கொரியாவின் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி இரண்டே நாளில் புளித்து நுரைத்து, வீட்டில் ஒருவரும் கிட்டே வரவில்லை. குறிப்பில் ஐந்து நாள் வெளியே வைக்கச் சொல்லியிருந்தது.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: குறிப்பு எழுதியவர் குளிர்நாட்டுக்காரர். கொரியர்கள் குளிர்காலத்துக்கு முன் நவம்பர் வாக்கில் ஊரே கூடிக் கிம்ச்சி போடுவார்கள். கிம்ஜாங் எனப்படும் அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முன்பெல்லாம் மண்ஜாடியில் அடைத்துத் தரையில் புதைத்து வைத்தார்கள் என்றால் அந்தத் தரையின் குளிர்ச்சியை எண்ணிப் பாருங்கள். தஞ்சாவூரின் வெயிலில், இரவு அரைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழிகிறது. முட்டைக்கோஸ் மட்டும் ஐந்து நாள் பொறுக்குமா? கோடையில் 12 மணி நேரம், மார்கழியில் ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு, குமிழி தெரிந்ததும் ஃபிரிட்ஜில் அடியில் தள்ளிவிடுங்கள். அங்கே ஒரு வாரத்தில் பதமாகும்.

உப்பிலும் கவனம் வேண்டும். முட்டைக்கோஸில் நிற்கும் உப்பு எடையில் இரண்டிலிருந்து இரண்டரை விழுக்காடு இருக்க வேண்டும்; குறைந்தால் அழுகும். ஒரு கிலோ கோஸுக்கு 25 கிராம் என்று நிறுத்துக் கலப்பதே பத்திரம், ஏனெனில் வேதாரண்யம் கல்லுப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை கிடையாது. உப்புப் பிசறி இரண்டு மணி நேரம் வைத்து, விட்ட நீரைக் கொட்டாமல், அரிசிக் கஞ்சியில் குழைத்த மிளகாய், பூண்டு, இஞ்சியோடு பிசைந்து, ஜாடியில் காற்றுப் புகாமல் அழுத்துங்கள். நீர் மேலே நிற்க வேண்டும். நம் குண்டு மிளகாய்த் தூள் காரம் மிஞ்சிவிடும். காஷ்மீரி மிளகாயை விதை நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்தால் நிறமும் அளவான காரமும் வரும்.

நுரைத்ததைக் கொட்டிவிட்டீர்களா? பூஞ்சணம் பூக்காமல், அழுகல் வாடை இல்லாமல் வெறுமே புளித்திருந்தால் கொரியர்கள் அதைக் குழம்பாக்கிவிடுவார்கள். புளித்த கிம்ச்சிதான் குழம்புக்கு உயர்வு.

கேள்வி: எத்தியோப்பியாவின் இஞ்சேராவைப் படத்தில் பார்த்தால் கேழ்வரகுத் தோசை மாதிரி இருக்கிறது. அவர்களுடைய டெஃப் தானியம் இங்கே இல்லை. கேழ்வரகில் முடியுமா?
(வாசகி, வலங்கைமான்)

பதில்: முடியும், அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நம்மிடம் வந்த தானியம். புல் குடும்பத்தில் டெஃபுக்கு அது நெருங்கிய உறவு. இரண்டிலும் பசைப்புரதம் கிடையாது. பிறகு எப்படி அத்தனை பெரிய ரொட்டி கிழியாமல் வருகிறது என்று கேட்டால், ஆப்ப மாவுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த ரகசியம் ஏற்கெனவே தெரியும். புளித்த மாவில் ஒரு பங்கை எடுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, மீண்டும் மாவிலேயே கலக்கிறார்கள். அதற்கு ‘அப்சித்’ என்று பெயர். வெந்த மாவின் பிசுபிசுப்பு காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

300 கிராம் கேழ்வரகு மாவும் 100 கிராம் பச்சரிசி மாவும் எடுத்து, 600 மில்லி தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். உப்பு இப்போது வேண்டாம். அங்கே மூன்று நாள் வரை புளிக்கும். இங்கே ஒன்றரை நாள் போதும். மேலே தெளிந்து நிற்கும் கறுத்த நீரைச் சாய்த்து வடித்துவிட்டு, ஒரு குழிக்கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் கலந்து, உப்புச் சேர்த்து, இரண்டு மணி நேரம் பொறுத்திருங்கள். தோசை மாவைவிட நீர்க்க, ரவா தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும்.

தோசை வார்த்துப் பழகிய கைக்கு இங்கேதான் தடுமாற்றம். நாம் நடுவில் ஊற்றி வெளியே இழுக்கிறோம்; இஞ்சேராவை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து முடிக்க வேண்டும், கரண்டியால் தேய்க்கவே கூடாது. எண்ணெய் கிடையாது. அரை நிமிடத்தில் மேற்பரப்பு முழுவதும் கண் கண்ணாகத் திறக்கும். உடனே மூடி, ஒன்றரை நிமிடம் ஆவியில் வேகவிட்டு, திருப்பாமல் எடுத்துத் துணியில் போடுங்கள். கண் திறக்காவிட்டால் மாவு கெட்டி அல்லது கல் சூடு போதவில்லை.

தொட்டுக்கொள்ள மைசூர்ப் பருப்பில் அவர்கள் செய்யும் ‘மிசிர் வொட்’ சரியான துணை. அரைக் கிலோ வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு சொட்டு எண்ணெயும் விடாமல் வெறும் சட்டியில் கிளறிக் கிளறி அதன் நீரிலேயே குழைய விடுவார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகே நெய், மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, கடைசியில் பருப்பும் தண்ணீரும். நான் முதலில் நெய்யை முன்னதாக ஊற்றிச் செய்து பார்த்தேன். நம் கூட்டு மாதிரி வந்தது. வெறும் சட்டியில் வதக்கிய நாளன்றுதான் அந்த வெங்காயம் பருப்போடு கரைந்து குழம்பானது. இஞ்சேரா முதல் இரண்டு கல்லில் ஒட்டும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்துவிட்டு மூன்றாவதை ஊற்றுங்கள்.